ஆறு பேருக்கு ஒரு ஜீப் போதுமா?

கேள்வி: டிசம்பரில் நண்பர்கள் ஆறு பேர் ஜெய்சல்மேர் போகிறோம். மணல்மேட்டு ஜீப் சவாரிக்குத் திறந்த வண்டி ஒன்றே போதும், பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போனால்தான் ஜாலி என்கிறார் ஏஜென்ட். எங்களில் ஒருவனுக்கு ஏற்காடு ஏறும்போதே வாந்தி வந்துவிடும். இன்னொருவனுக்கு டிஸ்க் பிரச்சினை. நான் மலைப்பாதையில் நன்றாக ஓட்டுவேன். அங்கே நானே ஓட்டலாமா?
- அம்மாபேட்டை வாசகர், சேலம்

பதில்: நீங்கள் ஓட்ட வேண்டாம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பழகிய கை மணலில் உதவாது, சில சமயம் கெடுக்கவே செய்யும். மலையில் இறங்கும்போது கியரைக் குறைத்து, தேவைப்பட்ட இடத்தில் பிரேக் பிடிப்பீர்கள். மணலில் சட்டென்று பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் தன் முன்னாலேயே மணலைக் குவித்துக்கொண்டு புதைந்துவிடும். ஏறும்போதும் அப்படித்தான், பாதியில் தயங்கினால் வண்டி நின்றுவிடும். அப்போது வந்த தடத்திலேயே நேராக ரிவர்ஸ் எடுத்து இறங்க வேண்டும். சரிவின் குறுக்கே திருப்பப் பார்த்தால் வண்டி உருண்டுவிடும். இதெல்லாம் அங்கேயே ஓட்டி வளர்ந்த டிரைவருக்குத்தான் கைவந்த வேலை.

டிரைவர் எப்படிப்பட்டவர் என்பதை வண்டி மணலில் இறங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். தார் ரோடு முடியும் இடத்தில் அவர் வண்டியை நிறுத்துகிறாரா என்று பாருங்கள். வேலை தெரிந்தவர் டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வால்வை அழுத்திக் காற்றை இறக்குவார். ரோட்டில் 30, 35 பிஎஸ்ஐ இருந்த டயர், மென்மணலுக்கு 15 முதல் 18 வரை இறங்கும். டயரின் பக்கவாட்டு லேசாகப் பிதுங்கி, தரையில் படும் பகுதி நீளும், எடையும் பரவும். ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாமல் நடப்பதும் இதே கணக்குதான். அதற்காக ரொம்பவும் இறக்கக் கூடாது, திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்பி ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்று அடித்தாக வேண்டும். அதனால் வண்டியில் கம்ப்ரஸர் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சரி, ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். நின்றுகொண்டு போகும் சவாரியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. மேட்டின் உச்சியில் மறுபக்கம் தெரியாது. மாலையில், ஜெய்சல்மேர் வருபவர்கள் அதிகம் போகும் சாம் மணல்மேடுகளில் வண்டிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். கம்பி கையை விட்டு நழுவ ஒரு குலுக்கல் போதும். மேலே, வண்டி உருண்டாலும் ஆளைக் காக்கும் கம்பிக் கூண்டும் ஒவ்வொருவருக்கும் சீட் பெல்ட்டும் உள்ள வண்டிகள் இரண்டு கேளுங்கள். செலவு கூடும்தான். ஆனால் ஒன்று புதைந்தால் இழுக்க இன்னொன்று இருக்கும். இழுக்கும்போது கயிற்றின் அருகில் யாரும் நிற்க வேண்டாம், அறுந்தால் அது அடிக்கும் அடி மோசமானது. கூட்டம் பிடிக்காதென்றால் ஜெய்சல்மேரிலிருந்து தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள குரி கிராமத்துப் பக்கம் கேட்டுப் பாருங்கள், சாமை விட அமைதி. எங்கே போனாலும் அங்குள்ள பாலைவனத் தேசியப் பூங்கா எல்லைக்குள் தடம் மாறி ஓட்டச் சொல்லி டிரைவரைத் தூண்டாதீர்கள். அழிந்துவரும் பறவையான கானமயில் மிச்சமிருக்கும் கொஞ்ச இடங்களில் அதுவும் ஒன்று.

வாந்தி வரும் நண்பருக்கு முன்சீட். மதியம் வயிறு முட்டச் சாப்பிடாமல், இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு ஏறட்டும். ஃபோனைப் பார்க்காமல் தூரத்து அடிவானத்தைப் பார்த்தபடி வரட்டும். மாத்திரை போடுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு, புறப்படுவதற்கு அரைமணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், தூக்கம் வரும். ஏற்காட்டுப் பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போவார்கள். இங்கே இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும், பழத்துக்கு இடமில்லை.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். மூக்கையும் வாயையும் மூட ஒரு துண்டு. டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், இரவில் பத்து டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். ஏற்காட்டுக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டர் மட்டும் போதாது, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட்டும் வேண்டும்.

டிஸ்க் பிரச்சினை உள்ளவரை மட்டும் ஜீப்பில் ஏற்றாதீர்கள், அவரே ஆசைப்பட்டாலும். மேட்டிலிருந்து விழுவதுபோல் இறங்கும் ஒவ்வொரு முறையும் அடி நேராக முதுகெலும்புக்குத்தான். ஒட்டகத்தில் ஏற்றிவிடலாம் என்று நினைப்பீர்கள், அதுவும் ஆகாது. அது எழும்போதும் உட்காரும்போதும் உடம்பை முன்னும் பின்னும் தூக்கிப்போடும். ரோட்டிலேயே போகும் சாதாரண காரில் அவரை முகாமுக்கு அனுப்புங்கள். அங்கிருந்து பக்கத்து மேடு வரை நடந்தே போய் அஸ்தமனம் பார்க்கலாம். இதற்கான காரையும் முன்பணம் கொடுக்கும்போதே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே போய்க் கேட்டால் தனிக்காசு சொல்வார்கள்.