பெப்பர்மின்ட் ஆயிலை தண்ணில விட்டு குடிக்கலாமா?

கேள்வி: சாப்பிட்டாலே வயிறு உப்பிக்குது, நெஞ்செரிச்சலும் இருக்கு. ஆன்லைன்ல பெப்பர்மின்ட் ஆயில் ஒரு குட்டி பாட்டில் வாங்கினேன். சுடுதண்ணில ரெண்டு சொட்டு விட்டு குடின்னு நாத்தனார் சொல்றாங்க. எட்டு மாச பாப்பாவுக்கு சளி, மூக்குல லேசா தடவலாம்னு மாமியார் சொல்றாங்க. செய்யலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: பாப்பாவுக்கு வேண்டவே வேண்டாம்மா. அதுல இருக்க மென்தால் நெடி மூக்குகிட்ட போனாலே கைக்குழந்தைக்கு குரல்வளை இறுகி மூச்சு நின்னுபோற ஆபத்து இருக்கு, மாமியார்கிட்ட பக்குவமா எடுத்து சொல்லுங்க. மூக்கடைப்புக்கு சலைன் டிராப்ஸ்னு சொல்ற உப்புத்தண்ணி சொட்டு மருந்து போதும், மூச்சு வாங்குனாலோ பால் குடிக்கலைன்னாலோ உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.

இப்போ உங்க வயிறு. நாத்தனார் சொன்னதுல பாதி நிஜம்தான். மென்தால் குடல் தசைக்குள்ள கால்சியம் போறத தடுத்து இறுக்கத்த தளர்த்துது, அதனாலதான் ஐபிஎஸ்னு சொல்ற குடல் கோளாறுக்கு பெப்பர்மின்ட் குடுத்து பாக்கலாம்னு அமெரிக்க குடல் டாக்டர்கள் சங்கமே 2021ல வழிகாட்டுதல்ல சொல்லிருக்கு. ஆனா குடல தளர்த்துற அதே சமாச்சாரம் உணவுக்குழாய்க்கு கீழ இருக்க வால்வையும் தளர்த்திடும், ஆசிட் மேல ஏறும், ஏற்கனவே எரியுற நெஞ்சு இன்னும் எரியும். அதனாலதான் மருந்தா வர்ற கேப்சூல்ல வயித்துல கரையாம குடலுக்கு போய் கரையற மாதிரி கோட்டிங் போட்டிருக்கும், அதையும் கடிக்கக்கூடாது, கூடவே ஆசிட்ட குறைக்கிற ஆன்டாசிட் மருந்து போட்டா கோட்டிங் முன்னாடியே கரைஞ்சிடும். நீங்க விடுற சொட்டுக்கு எந்த கோட்டிங்கும் இல்ல, எண்ணெய் தண்ணில கலக்கவும் கலக்காது, மேல மிதந்து வாயையும் தொண்டையையும்தான் பொசுக்கும்.

நாம சட்னி அரைக்கிற புதினாவ தினமும்தானே திங்கிறோம்னு கேப்பீங்க, அது பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகை, மென்தால் ரொம்ப கம்மி, தாராளமா அரைங்க. பெப்பர்மின்ட் அதோட வாட்டர்மின்ட்ங்கிற இன்னொரு புதினா வகை கலந்து வந்த கலப்பினம், எண்ணெய்ல கிட்டத்தட்ட 30லேர்ந்து 50 சதவீதம் மென்தாலே இருக்கும். பித்தப்பைல கல்லு இருக்கவங்களும், கிட்னி மாத்தி, அத உடம்பு ஒதுக்காம இருக்க சைக்ளோஸ்போரின்ங்கிற மருந்து சாப்பிடுறவங்களும் டாக்டர கேக்காம கேப்சூல் பக்கம் போகாதீங்க.

உங்களுக்கு எடை குறையுது, மலம் கறுப்பா போகுது, சாப்பாடு முழுங்க கஷ்டமா இருக்குன்னா கைவைத்தியம் எல்லாம் வேணாம், நேரா டாக்டர பாருங்க.

காசு போட்டு வாங்கின பாட்டில்தான், தலைவலி வந்தா ஒரு சொட்ட ஒரு ஸ்பூன் தேங்கா எண்ணெய்ல கலந்து கண்ணுல படாம நெத்தில தடவிக்கலாம், ஆனா சோப்பு போட்டு கைய கழுவிட்டு, நெத்தியையும் தொடச்சிட்டு அப்புறம் பாப்பாவ தூக்குங்க.