'21 வயது வரை' என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

வாசகியின் கடிதம், சுருக்கமாக: வயது 44, சிங்கப்பூர் ஈசூனில் நான்கறை வீடு. 17 வயது மகனுக்குப் பிறந்ததிலிருந்தே செரிப்ரல் பால்சி எனும் மூளைவாதம். சக்கர நாற்காலிதான், பேச்சு வராது. அவனைப் பார்த்துக்கொள்வதற்காக 11 ஆண்டுகளுக்கு முன் 2,600 வெள்ளி சம்பளத்தில் இருந்த கணக்கு வேலையை விட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கணவர் பிரிந்து அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார், மாதம் 900 வெள்ளி கொடுக்கிறார். இப்போது கணவரின் வழக்கறிஞர் விவாகரத்து உடன்பாட்டு வரைவு அனுப்பியிருக்கிறார். வேலையை விட்ட 11 ஆண்டுகளுக்கான சம்பளம் 343,200 வெள்ளியைக் கணவரிடம் கேட்க முடியுமா, வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்க்கும் தாய்க்கு அரசாங்கம் சம்பளம் தருமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, ஒன்பது பக்கத்தையும் படித்தேன். ஏழாவது பக்கத்தில், மாமியார் சொன்ன சொல்லுக்கும் தைப்பூசத்தன்று நடந்த சண்டைக்கும் நடுவில், வரைவைப் பற்றி மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். "வீடு எனக்காம். எனக்குப் பராமரிப்புத் தொகை கிடையாதாம். பையனுக்கு 21 வயது வரை மாதம் 900 வெள்ளியாம்." உங்கள் வழக்கு இந்த மூன்று வரியில்தான் இருக்கிறது.

மாமியார் பேசியது, கணவரின் கைத்தொலைபேசியில் நீங்கள் பார்த்த படங்கள், பிள்ளையின் பிறந்தநாளுக்கு அவர் வராதது எல்லாம் உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது நீதிபதி இவற்றுக்குப் பெரிதாக எடை தரமாட்டார். பிரமாண வாக்குமூலத்தில் இவற்றை நிரப்பினால் அவரும் பதிலுக்கு நிரப்புவார். செலவுதான் ஏறும்.

சம்பளக் கேள்விக்கு நேரடியான பதில்: முடியாது. கணவரிடமிருந்து மனைவிக்குப் பின்தேதியிட்ட சம்பளம் வாங்கித் தரும் சட்டம் இங்கே இல்லை. ஆனால் அந்த 11 ஆண்டு வீணாகவில்லை. திருமணம், விவாகரத்து பற்றிய சட்டமான மாதர் சாசனத்தின் 112வது பிரிவில் சொத்தைப் பிரிக்கும்போது, பணமாகப் போட்டதோடு வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டதும் பங்களிப்பாகக் கணக்கில் வரும். ஒருவர் சம்பாதிக்க மற்றவர் வீட்டைப் பார்த்துக்கொண்ட நீண்ட திருமணங்களில் சொத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் போக்கு இருக்கிறது என்று 2017ல் டிஎன்எல் எதிர் டிஎன்கே வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. உங்கள் 20 ஆண்டுத் திருமணத்தில் முதல் ஒன்பது ஆண்டு நீங்களும் வேலை பார்த்ததால் அந்தத் தீர்ப்பு அச்சாகப் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். அந்தத் திசையில் வாதாட நல்ல இடம் இருக்கிறது. வீடு, அவருடைய மசேநிதி (மத்திய சேமநிதி), வங்கிச் சேமிப்பு எல்லாவற்றிலும் உங்கள் பங்கைக் கேட்கும் இடம் அதுதான்.

இனி, கட்சிக்காரர்கள் விழுந்ததை நான் பார்த்த குழிகளுக்கு வருகிறேன்.

முதலாவது, "மனைவிக்குப் பராமரிப்புத் தொகை இல்லை" என்ற வரி. "அவர் காசு எனக்கு எதற்கு, பிள்ளைக்குக் கொடுத்தால் போதும்" என்று ரோஷத்தில் இதற்குச் சம்மதிக்கும் தாய்மார்கள் நிறைய பேர். பிள்ளைக்கான தொகையைப் பின்னாளில் உயர்த்தக் கேட்கலாம், அந்தக் கதவு திறந்தே இருக்கும். உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று விவாகரத்து ஆணையில் எழுதி முடித்துவிட்டால், ஐந்து வருடம் கழித்து உங்களுக்கே முதுகு போய்ப் பையனைத் தூக்க முடியாத நிலை வந்தாலும் மாற்றக் கேட்பதற்கு அங்கே ஒரு ஆணை இருக்காது. அதனால்தான் இங்கே வழக்கறிஞர்கள் பெயரளவுக்கு மாதம் ஒரு வெள்ளி கேட்பது உண்டு. ஒரு வெள்ளி ஆணை இருந்தால் பிறகு அதை உயர்த்தக் கேட்கலாம். ஆனால் கேட்டவுடன் தானாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். 2016ல் ஏடிஇ எதிர் ஏடிடி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், காரணம் காட்டாமல் வழக்கத்துக்காக இந்த ஒரு வெள்ளியைத் தர முடியாது என்று தெளிவாக்கியது. உங்களிடம் காரணம் இருக்கிறது. அதை எழுத்தில் வைக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று இப்போதே சொல்கிறேன்: "44 வயது, கணக்கு வேலை தெரிந்தவர், பையன் பகலில் பள்ளிக்குப் போகிறான், அவர் வேலைக்குப் போகலாம்." உங்கள் சம்பாதிக்கும் திறனை நீதிமன்றம் பார்க்கத்தான் செய்யும். இந்த இடத்தில் பல தாய்மார்கள் தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். ஒரு தாய் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "என் பையன் தானே சாப்பிட்டுவிடுவான் சார்" என்று பெருமையோடு சொன்னார். மகனும் பக்கத்தில் இருந்தான். பையிலிருந்து கஞ்சியை எடுத்தார், கரண்டியில் அள்ளினார், அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கரண்டியில் சுற்றிவைத்தார், முழங்கையைத் தாங்கி வாய்வரை கொண்டுபோனார். ஒரு சின்னக் கிண்ணத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. அதற்குப் பெயர் தானே சாப்பிடுவது இல்லை. அவருடைய முந்தைய வாக்குமூலத்தில் "உணவு: சுயமாக" என்று இருந்தது. மறுதரப்பு அதைத்தான் எடுத்துக் காட்டியது.

ஆகவே இன்றிரவிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எத்தனை மணிக்கு எழுப்பிப் புரட்டிப் படுக்க வைத்தீர்கள், எத்தனை டயப்பர், குளிப்பாட்ட எவ்வளவு நேரம், பள்ளி எத்தனை முறை கூப்பிட்டு "வந்து அழைத்துப் போங்கள்" என்றது, எல்லாம் தேதியோடு இருக்கட்டும். ஆறு வாரம் எழுதினால் போதும். அதோடு மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர் கடிதங்கள். செலவுக்கும் இதேதான். "மொத்தம் 2,500 ஆகும்" என்று உருண்டையாகச் சொன்னால் நீதிமன்றம் வெட்டும். டயப்பர், பால்மாவு, டாக்சி, சிகிச்சை என்று ரசீதோடு பிரித்துக் காட்டினால் வெட்டுவது கடினம். உங்கள் சொந்தச் செலவைப் பையன் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஒன்று பிடிபட்டால் மற்றவற்றையும் சந்தேகிப்பார்கள்.

இரண்டாவது குழிதான் ஆழமானது: "21 வயது வரை". பிள்ளைகளுக்கான பராமரிப்பு ஆணை சாதாரணமாக 21 வயதோடு முடியும். ஆனால் மாதர் சாசனத்தின் 69வது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தேவைப்பட்டால் 21க்கு அப்பாலும் நீளும்படி ஆணையிடலாம். வரைவு எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்காது. "21ல் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம்" என்று உங்களிடம் சொல்வார்கள். கேட்கலாம்தான். அப்போது பையன் சட்டப்படி பெரியவன். பேச முடியாத அவன் பெயரில் யார் மனுப்போடுவது என்பதிலேயே மாதங்கள் போகும், அதுவரை 900 வெள்ளியும் நின்றிருக்கும். அவன் பள்ளியும் 18ல் முடிந்துவிடும். பகல் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்கும் வரை அவன் முழு நேரமும் உங்களோடுதான். செலவு கூடுகிற நேரத்தில் வருமானம் நிற்கும்படி அந்த வரி எழுதப்பட்டிருக்கிறது. "மகனின் குறைபாடு காரணமாக, 21 வயதுக்குப் பிறகும், நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிடும் வரை" என்று மாற்றச் சொல்லுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதோடு ஒட்டியது: 21 ஆனபின் அவன் வங்கிக் கணக்கைத் தொடவோ அவனுக்காகக் கையெழுத்திடவோ 'அம்மா' என்ற உறவு மட்டும் போதாது. மனத்திறன் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் உங்களை டெபுட்டியாக, அதாவது அவனுக்காக முடிவெடுப்பவராக, நியமிக்க வேண்டும். சிறப்புப் பள்ளி மாணவர்களின் பெற்றோர் இதற்கு விண்ணப்பிக்க உதவும் திட்டம் ஒன்றைச் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு நடத்துகிறது. பள்ளியின் சமூக ஊழியரிடம் இந்த ஆண்டே கேளுங்கள். அவன் பெயரில் மொத்தப் பணம் போடுகிறேன் என்று கணவர் சொன்னால், சாதாரண வங்கிக் கணக்கில் வேண்டாம், எஸ்என்டிசி எனப்படும் சிறப்புத் தேவையுடையோருக்கான அறக்கட்டளை நிறுவனத்தில் போடச் சொல்லுங்கள். 5,000 வெள்ளியில் தொடங்கலாம்.

மூன்றாவது, "வீடு உங்களுக்கு". கேட்க இனிக்கிறது. வீட்டில் இன்னும் கடன் பாக்கி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வருமானம் இல்லாத உங்கள் ஒருவர் பெயருக்குக் கடனை மாற்ற வீவகவோ (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வங்கியோ சம்மதிக்குமா? வீட்டுக்காகத் தன் பராமரிப்புத் தொகையை விட்டுக்கொடுத்த ஒரு தாயை எனக்குத் தெரியும். கடனை மாற்றித் தரமாட்டோம் என்று பதில் வந்தது. 'ஆறு மாதத்துக்குள் பெயர் மாறாவிட்டால் வீட்டைச் சந்தையில் விற்க வேண்டும்' என்றொரு வரி அவர் கையெழுத்திட்ட ஆணையில் இருந்தது. வீடும் போனது, பராமரிப்பும் போனது. நீங்கள் முதலில் வீவகவிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். கடனை அடைக்க, கணவரின் மசேநிதியில் உங்கள் பங்கை உங்கள் மசேநிதிக் கணக்குக்கு மாற்றும்படி ஆணை கேட்கலாம். உங்கள் 11 ஆண்டு பணமாக மாறும் இடம் இது.

மாதத் தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள், மசேநிதியில் மகனை வாரிசாக நியமிக்கிறேன் என்று அவர் பேரம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நியமனத்தை அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அவர் மறுமணம் செய்தால் பழைய நியமனம் தானாகவே ரத்தாகிவிடும். அவராகச் செய்தால் நல்லது, விலையாக எதையும் கொடுக்காதீர்கள்.

அரசாங்கச் சம்பளம் என்று ஒன்று இல்லை. வீட்டுப் பராமரிப்பு மானியம் இருக்கிறது. குளிப்பது, உடுப்பது, உண்பது, கழிவறை, நடமாட்டம், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றுக்காவது எப்போதும் பிறர் உதவி வேண்டும். உங்கள் மகனுக்கு அது நிச்சயம் பொருந்தும். மாதம் 400 வெள்ளி வரை இருந்தது, 2026 ஏப்ரல் முதல் 600 வரை. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பான ஏஐசியிடம் விண்ணப்பியுங்கள். மதிப்பீட்டுக்கு ஆள் வரும்போது அந்தக் கரண்டிக் கதையை நினைவில் வையுங்கள். இந்த மானியத்துக்கு வீட்டு வருமானத்தை ஒரே முகவரியில் உள்ள குடும்பத்தாரை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். கணவரின் அடையாள அட்டையில் இன்னும் ஈசூன் முகவரிதான் என்றால் அவர் சம்பளமும் சேரும். அவர் உண்மையிலேயே வேறிடத்தில் இருப்பதால் முகவரியை மாற்றுவது அவர் கடமை, மாற்றச் சொல்லி எழுதுங்கள். பணிப்பெண் வைத்தால் அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை மாதம் 300க்குப் பதில் 60 வெள்ளி.

சரி, வழக்காடலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. அவர் கையில் கிடைப்பது 5,200 வெள்ளி என்கிறீர்கள். இருவருக்குமே பிள்ளையைப் பராமரிக்கும் கடமை உண்டு; அவர் சம்பளத்தில் பாதிக்கு மேல் உங்களுக்கு வாங்கித் தருவதாக எந்த வழக்கறிஞராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்றரை ஆண்டு போராடினால், பையனுக்குச் செலவாக வேண்டிய பணம் இரண்டு பக்கமும் வழக்கறிஞர் கட்டணமாகப் போகும். சமரசத்துக்குப் போங்கள். 343,200 என்ற எண்ணை எடுக்கவே எடுக்காதீர்கள், அதைக் கேட்டதும் அவர் எழுந்து போய்விடுவார். பையனுக்கு 1,400ல் தொடங்கி 1,200க்கு இறங்கலாம். உங்களுக்குச் சிறு தொகையோ, குறைந்தது ஒரு வெள்ளியோ வேண்டும். பதிலுக்கு, குறைபாடுள்ள பிள்ளைக்கான 7,500 வெள்ளி வரிக்கழிவை அவரே முழுதாக எடுத்துக்கொள்ளட்டும். வருமானம் இல்லாத உங்களுக்கு அதனால் பயன் இல்லை. நடத்தையைப் பற்றிய குற்றச்சாட்டுகளையும் விட்டுவிடலாம். 2024 ஜூலை முதல் பரஸ்பர சம்மதத்தின் பேரிலேயே விவாகரத்துப் பெற வழி இருக்கிறது, யார் தவறு என்று எழுதத் தேவையில்லை.

பணம் இனிமேல் வங்கி வழியாகவே வரட்டும். கையில் கொடுத்தால் கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் சாட்சி இருக்காது.

வரைவில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். வீவகவின் பதில் கைக்கு வந்து, அந்த '21' மாறும் வரை அது அப்படியே இருக்கட்டும்.