அலர்ஜிக் குளிசையால் நித்திரை வருவதைத் தவிர வேறு பக்கவிளைவு உண்டா?

செற்றிறிசின் என்ற அலர்ஜிக் குளிசை குடித்தால் வேலையில் தூங்கி விழுகிறேன், இதைவிட வேறு ஏதும் செய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இளம் ஆள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் நித்திரையும் வாய் காய்வதும்தான் உங்களுக்குப் பெரும்பாலும் வரும். இரவில் குடித்துப் பாருங்கள், குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடாதீர்கள், சாராயத்தோடு வேண்டவே வேண்டாம்.

ஆனால் வீட்டில் வயது போன ஆம்பிளைகள் இருந்தால் கவனம். எங்கள் அப்பாவுக்கு வேம்பு பூக்கிற காலம் வந்தால் தும்மல்தான். சந்திக் கடையில் "தம்பி, தடிமனுக்கு ரெண்டு தா" என்று கேட்பார், பெயர் எழுதாத வெள்ளைச் சரையில் சின்ன மஞ்சள் குளிசை வரும். பிரிட்டன், அதாவது குளோர்பெனிரமின். நேரத்துக்கு நேரம் விழுங்கினார். தும்மல் நின்றது, சலம் போவதும் நின்றுவிட்டது. இரவு முழுக்க முத்தத்துக்கும் கக்கூசுக்கும் நடை, அடிவயிறு கல்லுப்போல, தொட விடமாட்டார். விடியப்புறம் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரியூப் போட்டுத்தான் சலம் எடுத்தார்கள். என்ன மருந்து குடித்தனீங்கள் ஐயா என்று டொக்டர் கேட்க, "மருந்து ஒண்டும் இல்லை, தடிமன் குளிசை மட்டும்தான்" என்கிறார். புரஸ்டேட், அதாவது ஆம்பிளைகளுக்குச் சலப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி, ஏற்கெனவே வீங்கியிருந்திருக்கிறது, அதுவரை எங்களுக்குத் தெரியாது.

பிரிட்டன் போன்ற பழைய வகை அலர்ஜிக் குளிசைகள் அலர்ஜியைக் கிளப்புகிற ஹிஸ்டமினோடு, நரம்புகள் செய்தி கடத்தப் பாவிக்கிற அசிற்றைல்கோலினையும் மறிக்கின்றன, மூளைக்குள்ளும் போகின்றன. அதனால்தான் நித்திரை, வாய் காய்வது, மலச்சிக்கல், பார்வை மங்குவது, சலம் மறிப்பது எல்லாம். ஒருவகைக் கண் பிறசர் இருந்தால் அது ஏறும், வயது போனவர்களுக்குப் புத்தி தடுமாறும். தடிமனுக்கென்று விற்கிற கலவைக் குளிசைகள் பலவற்றில் இதோடு மூக்கடைப்பு மருந்தும் இருக்கும், அதுவும் சலத்தை மறிக்கும். புதிய வகையான செற்றிறிசின், லொறாட்டடின், பெக்ஸோபெனடின் மூன்றிலும், செற்றிறிசினின் நித்திரையைத் தவிர, இந்தத் தொல்லை மிகக் குறைவு.

நான் டொக்டர் இல்லை. "எங்கட அம்மம்மா காலம் முழுக்கப் பிரிட்டன் குடிச்சவா, ஒண்டும் நடக்கேல்லை" என்று எழுத வருகிறவர்களுக்கு, உங்கள் அம்மம்மாவுக்குப் புரஸ்டேட் இல்லை. கடைக்காரப் பெடியனையும் குறை சொல்லவில்லை, ஆனால் சரையில் பெயரை எழுதினால் பேனை மை தீர்ந்தா போகும்?

இதற்குள் வெளிநாட்டுச் சொந்தக்காரர் வேறு. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது பெரிய போத்தலில் டைபென்ஹைட்ரமின் கொண்டுவந்து, "இது அங்கத்தைச் சாமான், நல்லது" என்று அப்பாவின் கையில் கொடுக்கிறார்கள். அதுவும் அந்தப் பழைய கூட்டம்தான். சொன்னால் கோபம்.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். செற்றிறிசினால் நித்திரை வருகிறது என்றால் லொறாட்டடின் அல்லது பெக்ஸோபெனடின் மாற்றித் தரலாமா என்று கேளுங்கள். பெக்ஸோபெனடினைத் தண்ணீரோடு குடியுங்கள், தோடம்பழச் சாறோடு குடித்தால் உடம்பில் சரியாகச் சேராது. சிறுநீரக வருத்தம் இருந்தால் முதலே சொல்லுங்கள், செற்றிறிசின் அளவைக் குறைக்க வேண்டி வரும். செற்றிறிசினை மாதக்கணக்கில் தினமும் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்குக் கடுமையான கடி, அதாவது உடம்பு அரிப்பு, வருகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2025இல் எச்சரித்தது, அதனால் நிறுத்தும்போதும் டொக்டரிடம் ஒரு சொல் கேளுங்கள்.