முதலில் உயிர், பிறகு விசாரணை

கேள்வி: என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பிறந்த நாள் பார்ட்டியில் அவன் வகுப்புப் பையன் ஒருவன் குடித்து மயங்கி விழ, நிர்வாகத்துக்குத் தெரிந்தால் டி.சி. கொடுத்துவிடுவார்கள் என்று நண்பர்கள் அவனை அறையிலேயே படுக்கவைத்துவிட்டார்களாம். நல்லவேளை, பிழைத்தான். இப்படிக் குடிப்பவர்களை உடனே நீக்கினால்தானே மற்றவர்களுக்குப் பயம் வரும்?
- ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: பயம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது, அம்மா. பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனை இருந்தும் அந்தப் பையனை அறைக்குள் கிடத்தியது அந்தப் பயம்தான்.

'ஒரு குவார்ட்டர்தானே' என்று மாணவர்கள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள பிராந்தியோ விஸ்கியோ 180 மி.லி. குடித்தால், ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால் உடலுக்குள் போகிறது; ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று வரையறுக்கிறது. கல்லீரலால் மணிக்குச் சுமார் 7, 8 கிராமை மட்டுமே முறிக்க முடியும் என்பதால், ஒரு குவார்ட்டர் தீரவே ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். எலுமிச்சைச் சாறும், தலையில் ஊற்றும் தண்ணீரும் அதை விரைவுபடுத்துவதில்லை. வயிற்றில் மிஞ்சியிருப்பது மயங்கிய பிறகும் இரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். மல்லாந்து கிடப்பவன் வாந்தியெடுத்தால் மூச்சுக்குழாய் அடைபட்டு உயிரே போகலாம். எழுப்பியும் எழாதவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அவன் அருகிலேயே இருக்க வேண்டும். முதலாண்டு மாணவர்களுக்குக் கல்லூரி திறந்த வாரத்திலேயே சொல்ல வேண்டிய பாடம் இது.

குடித்ததைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக்கூடாது. இரண்டாமாண்டு மாணவர்கள் கைக்குப் பாட்டில் எப்படி வந்தது என்று எந்த விசாரணைக் குழுவும் துருவியதாக நான் கேள்விப்பட்டதில்லை. விற்றவர் மீது புகார் கொடுக்காத நிர்வாகம், குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரவேண்டிய பையனை வெளியேற்றினால், அவன் படிப்பைத்தான் இழப்பான், குடியை விடமாட்டான். அவனை மனநல ஆலோசகரிடம் தொடர்ந்து வரச் செய்வதே பலன் தரும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், உதவிக்கு அழைத்தவர் மீதும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டவர் மீதும் நடவடிக்கை கிடையாது என்ற எழுத்துபூர்வமான அறிவிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் மகனும் அந்த அறையில் இருந்தானா என்பதை நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால், அந்த இரவில் அவன் உங்களுக்கு ஏன் போன் செய்யவில்லை என்பதைக் கோபப்படாமல் கேளுங்கள்.