ஐந்து குதிரைகளுக்கு லாயம்: வீடு கட்டிய இன்ஜினியரின் வரைபடம் போதுமா?

போதாது. அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம், குறை சொல்லவில்லை. ஆனால் நாலு பக்கமும் சுவர் எழுப்பி, மேலே தகர ஷீட் போட்டுத்தான் வரைந்திருப்பார். எனக்கும் அப்படித்தான் வரைந்து தந்தார்கள்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கிய கத்தியவார் இனப் பெட்டைக் குதிரைக்காகக் கட்டினேன். ஒன்பதடிச் சுவர், உச்சியில் இரண்டு சின்ன ஜன்னல். சாரல் அடிக்காது, பாம்பு வராது என்று நானும் தலையாட்டினேன். சித்திரையில் மத்தியானம் உள்ளே கால் வைக்க முடியவில்லை. காலையில் கதவைத் திறந்தால் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். அப்புறம் இருமல். வைத்தியம் பார்க்க வந்த கால்நடை மருத்துவர், ஊசி போடுவதற்கு முன் என்னை அந்தத் தரையில் உட்காரச் சொன்னார். ஐந்து நிமிடம் தாங்கவில்லை. குதிரையால் நம்மைப் போல வாயால் மூச்சு விட முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி. அந்த மூக்கை ராத்திரி முழுக்க அந்த நெடியில் வைத்திருந்தேன்.

மறுநாளே நீளச் சுவர் இரண்டையும் நாலரை அடிக்கு மேல் இடித்தோம். முகட்டில் ஒரு அடி திறந்துவிட்டு அதன் மேல் குட்டிக் கூரை போட்டோம். ஓரக் கூரையை மூன்றடி வெளியே நீட்டினோம், சாரலும் நின்றது. இருமலும் மெல்ல விட்டது.

நீங்கள் புதிதாகக் கட்டுவதால் நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வையுங்கள், காலை, மாலை வெயில் நீளப் பக்கத்தில் இறங்காது. ஒரு குதிரைக்கு 12க்கு 12 அடி. "பத்தடி போதுமே" என்பார்கள். உருண்டு படுக்கும்போது கால் சுவரில் முட்டிக்கொண்டு எழ முடியாமல் தவிக்கிற குதிரையை அவர்கள் பார்த்ததில்லை. வைக்கோலைத் தலைக்கு மேல் கட்டாதீர்கள், தூசி நேராக மூக்கில் விழும். தரையில் போட்டால் போதும், குனிந்து தின்பதுதான் அதன் இயல்பு. புல் போரைத் தனிக் கொட்டகையில் வையுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம்.

ஊட்டிக் குளிருக்கு இது சரிவருமா என்று யாராவது கேட்கலாம். நான் சொல்வது சமவெளி வெயிலுக்கு.

இதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை கேட்டு வருவார்கள். வெடி போட மாட்டோம் என்று சொல்லிவிட்டுக் காலடியிலேயே சரம் கொளுத்துவார்கள். அதே பெட்டை மிரண்டு, தார் ரோட்டில் வழுக்கி, முட்டி கிழிந்து வீடு வந்தது. அன்றிலிருந்து நான் யாருக்கும் கொடுப்பதில்லை. லாயம் எழுந்ததும் உங்களிடமும் கேட்பார்கள், சொந்தக்காரர்களே கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.