கம்ப்யூட்டர் கேள்வி–பதில்: கத்துகிற கோர் குற்றவாளி இல்லை

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 2 பிராசஸர் போட்ட லினக்ஸ் சர்வர் இருக்கிறது. பத்து நாளைக்கு ஒருமுறை சிலை மாதிரி நின்றுவிடுகிறது. ரீசெட் செய்தால் ஓடுகிறது. லாக் ஃபைலில் ஒரு வரிகூட இல்லை. மதர்போர்டை மாற்றச் சொல்கிறார் சர்வீஸ்காரர். மாற்றிவிடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் யார் பேச்சையோ கேட்டு ரேம் முழுவதையும் மாற்றினேன். மறுவாரமே சர்வர் மறுபடி நின்றது.

அடுத்த முறை நின்றதும் ரீசெட் பட்டனைத் தொடாமல், பக்கத்து கம்ப்யூட்டரில் இருந்து பிங் (நெட்வொர்க்கில் 'இருக்கிறாயா?' என்று கேட்கும் கட்டளை) செய்து பாருங்கள். பதில் வருகிறது, லாகின் மட்டும் ஆகவில்லை என்றால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) உயிரோடு இருக்கிறது. டிஸ்க் பக்கம் கவனியுங்கள். பிங்கும் இல்லை, கீபோர்டில் நம்லாக் விளக்கும் மாறவில்லை என்றால்தான் உண்மையான லாக்கப், அதாவது சிஸ்டமே உறைந்த நிலை.

லாக் ஃபைல் காலியாக இருப்பதில் அதிசயம் இல்லை. நின்றுபோன சர்வர் டிஸ்க்கில் எப்படி எழுதும்? நான் ஒரு பழைய லேப்டாப்பை சீரியல் கேபிளில் இணைத்து, கெர்னலின் செய்திகள் வரும் கன்சோலை அந்தப் போர்ட்டுக்குத் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். நான்காம் நாள் ராத்திரி, பேக்கப் ஓடும்போது வந்து விழுந்தது: 'சாஃப்ட் லாக்கப், சிபியு 3, 22 செகண்ட்'. ஒரு கோர் (பிராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி; 'சிபியு 3' என்பது அதன் எண்) 20 செகண்டுக்கு மேல் வேறு எந்த வேலைக்கும் இடம் விடாமல் கெர்னலுக்குள்ளேயே சுற்றினால் இந்த வரி வரும்.

உடனே சிபியு 3-ஐப் பிடித்துக்கொண்டு ஒரு நாளை வீணாக்கினேன். பல கோர் உள்ள மெஷினில் ஒரு கோர் ஸ்பின்லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு கோர் மட்டும் வைத்திருக்கக்கூடிய பூட்டு) எடுத்துக்கொண்டால், அதே லாக் வேண்டிய மற்றவை அது விடும்வரை அங்கேயே சுற்றும். அதனால் கத்துவது, அதாவது எச்சரிக்கை வரியில் வருவது, பெரும்பாலும் காத்திருக்கும் கோர்தான். லாக்கை வைத்திருப்பது வேறெங்கோ இருக்கும். எல்லாக் கோர்களும் எங்கே நிற்கின்றன என்று ஒன்றாகப் பார்க்க வேண்டும். அதற்கு ஆல்ட், சிஸ்ஆர்க்யூ (பிரின்ட் ஸ்கிரீன் பட்டன்தான்), எல் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சீரியல் வழியாக என்றால் 'பிரேக்' அனுப்பிவிட்டு எல். பல லினக்ஸ்களில் இது முழுதாகத் திறந்திருக்காது, முன்கூட்டியே சிஸ்ஆர்க்யூ மதிப்பை 1 என்று வைத்துவிடுங்கள்.

எனக்கு வந்த பட்டியலில் 7 கோர்கள் ஒரே லாக்குக்காக நின்றன. எட்டாவது மட்டும் நெட்வொர்க் கார்டு டிரைவருக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. டிரைவரை மாற்றினேன், சரியாகிவிட்டது. புது ரேம் சும்மா கிடைத்த லாபம்!

எந்தப் பட்டனுக்கும் அசையவில்லையா? அது ஹார்ட் லாக்கப்பாக இருக்கலாம்; கோர் இன்டரப்டையே ('வேலையை நிறுத்தி இதைக் கவனி' என்று வரும் சிக்னல்) கவனிக்காத நிலை. கேடம்ப்பை (கெர்னல் விழும்போது மெமரியைச் சேமிக்கும் வசதி) முன்பே அமைத்து, என்எம்ஐ (கோர் தடுக்க முடியாத இன்டரப்ட்) வந்தால் பேனிக் ஆகும்படியும், அதாவது கெர்னல் தானே நின்றுவிடும்படியும் வைத்திருந்தால், சர்வரின் பிஎம்சி (சர்வரைத் தனியாகக் கண்காணிக்கும் சிப்) வழியாக ஒரு என்எம்ஐ அனுப்பி மெமரியைப் படம் பிடிக்கலாம். அப்படியே பிஎம்சியின் நிகழ்வுப் பட்டியலையும் பாருங்கள். மெஷின் செக் (பிராசஸர் கண்டுபிடித்துச் சொல்லும் ஹார்டுவேர் கோளாறு), ஈசிசி பிழை (மெமரி பிழை) என்று அங்கே வரிசையாக இருந்தால், சர்வீஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கோளாறு போர்டிலா, ரேமிலா, பிராசஸரிலா என்று பார்த்து விலையைப் பேசலாம்.