கையெழுத்துக்கு முன் வக்கீல்

கேள்வி: செங்கல் சூளைப் பிள்ளைகளுக்காக இரண்டு மாலைநேரப் படிப்பகங்கள் நடத்தும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. சென்னை நிறுவனம் ஒன்று, தனக்கு வந்த வெளிநாட்டு நிதியிலிருந்து 6 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. ஆடிட்டர் இருக்கிறார். வக்கீலும் தேவையா?

பதில்: தேவை, அதுவும் இந்த வாரமே. கையெழுத்துப் போட்டுவிடவில்லையே?

வெளிநாட்டு நிதி பெற்ற அமைப்பு அதை இன்னொருவருக்குக் கொடுப்பதை, எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு 2020 திருத்தத்துக்குப் பிறகு அடியோடு தடுக்கிறது. அதற்கு முன்பு, இந்தச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற அமைப்புகளுக்குள் இது சகஜமாக நடந்தது. சென்னை வங்கியின் காசோலையாக வந்தாலும், எத்தனை கை மாறினாலும், அது சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுப் பணம்தான். ஆடிட்டர் கணக்கைப் பார்ப்பதற்குள் பணம் செலவாகியிருக்கும்.

நீங்கள் அனுப்பிய நகலில் 'மானியம்' என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே பேனாவால் 'சேவைக் கட்டணம்' என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது அந்தக் கோடுதான். விஷயம் தெரிந்தே அடித்திருக்கிறார்கள். நாளை விசாரணை வந்தால் உங்கள் அறங்காவலர்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். படிப்பகங்களை அந்தச் சென்னை நிறுவனமே ஆசிரியர்களை நியமித்து, தன் கணக்கிலேயே சம்பளம் கொடுத்து நடத்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டு நிதி வாங்க நீங்களே இந்தச் சட்டத்தின் கீழ் பதிவு பெற மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். அதை எட்டாதவர்களுக்கு முன் அனுமதி என்ற வழி உண்டு: குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட பணி. எந்த வழியில் போனாலும் பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு, பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது அறக்கட்டளைப் பத்திரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பத்திர எழுத்தர் யாருடைய பழைய பத்திரத்தையோ பார்த்து எழுதியதாக இருக்கலாம். நோக்கங்களில் கல்வி இருக்கிறதா, பத்திரத்தைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை அவர் பார்க்கட்டும். அந்த அதிகாரம் எழுதப்படாவிட்டால், ஒரு வரியை மாற்றக்கூட நீதிமன்றம் போக நேரலாம். மாதச் சம்பளத்துக்கு வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஒரு முறை படித்துச் சொல்ல எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் நன்கொடை தர விரும்புவதாகவும் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அவர் இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நிதியில் சேராது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால் சேரும். பாஸ்போர்ட் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்த பிறகு வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுங்கள்.